பணத்தை எடைபோடும் படிப்பு: நிதித் துறை முதுகலையில் நம் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள்?



பி.காம்., பி.பி.ஏ. கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க வரும்போது, பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். "எம்.காம். ஃபைனான்ஸ், எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் என்கிறார்களே, அதில் என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள்?" "வட்டித் தொழிலைத்தானே படிக்கப் போகிறான், அது நமக்கு ஆகுமா?" "இரண்டு வருஷம் செலவு செய்தால் அந்தப் பணம் திரும்ப வருமா?"

கேள்விகள் நியாயமானவை. லவ்டேல், கேத்தி, ஊட்டிப் பகுதியில் 'ஃபைனான்ஸ்' என்ற சொல்லைக் கேட்டாலே வண்டிக் கடன் கொடுக்கும் கடையும், காலையில் தண்டலுக்கு வந்து நிற்பவரும்தான் நம் மனதில் வருகிறார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரில் கற்றுத் தரப்படுவது வேறு. நாளைக்கு வரும் என்று சொல்லப்படும் பணத்தை இன்றைக்கு எப்படி எடைபோடுவது, அந்தப் பேச்சு பொய்யானால் யார் எவ்வளவு இழப்பார்கள் என்று கணக்கிடுவது: இதுதான் அந்தப் படிப்பின் உள்ளடக்கம். இந்தத் திறன் தெரிந்தவர்கள் நம் மஹல்லாக்களில் குறைவாக இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். ஆகவே இந்த இதழில் அந்தப் படிப்பையே ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு, பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

பெயர் பல, பாடம் ஒன்று

நிதித் துறை முதுகலை நம் நாட்டில் மூன்று பெயர்களில் கிடைக்கிறது. முதலாவது எம்.காம். வணிகவியல் பட்டதாரிகளுக்கானது, கணக்கியலும் நிதியும் சேர்ந்தது. இரண்டாவது எம்.பி.ஏ. முதல் ஆண்டு நிர்வாகத்தின் எல்லாப் பிரிவுகளும் பொதுவாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் நிதியைச் சிறப்புப் பாடமாகத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவது நிதிப் பொருளாதாரம். சென்னை கோட்டூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் எம்.ஏ. பட்டமாகக் கற்பிக்கப்படுகிறது. இதில் கணிதம் அதிகம்.

பொதுவாக மூன்றும் இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். நீலகிரியின் கலை அறிவியல் கல்லூரிகள் 1982-ல் தொடங்கிய கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுத வேண்டும். திருச்சி உள்ளிட்ட ஐ.ஐ.எம். நிறுவனங்களுக்கு கேட் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு. சமுதாயத்தவர் நடத்தும் கல்லூரிகளில் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-ல் தொடங்கியவை, இரண்டிலும் எம்.காம். உண்டு. வீட்டை விட்டு வெளியூர் போக இயலாத பெண் பிள்ளைகளுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.காம். ஒரு வழி.

இனி பாடத்துக்குள் போவோம்.

முதல் பாடம்: பணத்துக்கு நேரம் உண்டு

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் தொடக்கத்திலேயே நடத்தப்படும் பாடம் 'பணத்தின் கால மதிப்பு'. இன்றைய நூறு ரூபாயும் பத்து ஆண்டு கழித்து வரும் நூறு ரூபாயும் ஒன்றல்ல என்பதே இதன் அடிப்படை.

நமக்குப் பழக்கமான ஓர் உதாரணம், பிற்பாடு தருவதாக எழுதப்படும் மஹர். 1990-ல் ஒரு நிக்காஹ்வில் ரூ.10,000 மஹர் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்று 10 கிராம் தங்கம் சுமார் ரூ.3,200. அந்தத் தொகைக்கு ஏறக்குறைய நான்கு சவரன் கிடைத்திருக்கும். இன்று அதே பத்தாயிரத்துக்கு அரைச் சவரன்கூட வராது. தாளில் எழுதிய எண் மாறவில்லை. அந்தப் பெண்ணின் உரிமை மட்டும் கரைந்துவிட்டது. தொகையை எழுதும்போதே காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை மாணவர்கள் சூத்திரமாகக் கற்கிறார்கள். நாம் அதை நிக்காஹ் பதிவேட்டிலேயே பார்க்கலாம்.

அடுத்த உதாரணம் தண்டல். "பத்தாயிரம் கடன், பிடித்தம் போகக் கையில் 8,500, தினம் நூறு வீதம் நூறு நாள் கட்டு" என்பார்கள். வாங்குபவர், "1,500 ரூபாய்தானே, பதினைந்து சதவீதம்" என்று நினைக்கிறார். மாணவர் இதை வேறு விதமாகப் பார்ப்பார். கையில் வந்தது 8,500. மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டோம். ஐம்பதாம் நாளில் ஐயாயிரம் திரும்பப் போய்விட்டது. ஆக நூறு நாளும் நம் கையில் இருந்த பணம் சராசரியாகப் பாதி அளவுதான். ஒவ்வொரு நாளும் கட்டிய நூறு ரூபாயை அன்றைய தேதிப்படி வைத்துக் கணக்கிட்டால், நாளொன்றுக்குச் சுமார் 0.33 சதவீதம், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம் வருகிறது.

வண்டிக் கடனில் சொல்லப்படும் 'ஃப்ளாட் ரேட்' என்பதும் இப்படித்தான். ரூ.60,000-க்கு 10 சதவீதம், மூன்று ஆண்டு என்றால் வட்டி 18,000. மாதத் தவணை சுமார் 2,167. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் முழு அசலுக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை விகிதம் ஏறக்குறைய 18 சதவீதம். வட்டி ஹராம் என்று நமக்குத் தெரியும். அது எத்தனை மடங்கு அநியாயம் என்பதை எண்ணால் காட்டத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த முறை தண்டல்காரரிடம் போகும் கால்கள் சற்று நிற்கும்.

இரண்டாம் பாடம்: கணக்கேட்டை வாசிப்பது

எழுத்து தெரிந்தவர் எல்லோரும் ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கை வாசித்துவிட முடியாது. இதற்காகவே ஒரு முழுப் பாடம் ஒதுக்கப்படுகிறது. இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப் போக்கு அறிக்கை என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று சொல்வதை மற்றொன்று ஆமோதிக்கிறதா என்று பார்க்கப் பழக்குகிறார்கள்.

ஊட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் ஏப்ரல், மே சீசனில் லாட்ஜுகளுக்கும் காட்டேஜுகளுக்கும் கடனுக்குச் சரக்கு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் எண்பதாயிரம் லாபம். ஆனால் ஜூனில் மழை தொடங்கிய பிறகும் பாக்கி வசூலாகவில்லை. மேட்டுப்பாளையம் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை. லாபம் இருக்கிறது, பணம் இல்லை. பல நல்ல கடைகள் மூடப்படுவது நஷ்டத்தால் அல்ல, இந்த இடைவெளியால்தான். பாக்கி எத்தனை நாளில் வருகிறது, சரக்கு எத்தனை நாள் தேங்குகிறது, நாம் எத்தனை நாளில் கொடுக்க வேண்டும் என்ற மூன்று எண்களைக் கொண்டு இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். 'நடைமுறை மூலதன மேலாண்மை' என்பது இதன் பாடப்பெயர்.

மூன்றாம் பாடம்: பெரிய முதலீட்டு முடிவு

நிதிப் படிப்பின் நடுப்பகுதி இதுதான். ஒரு தொழிற்சாலை கட்டலாமா, இயந்திரம் வாங்கலாமா, அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? இன்று போடும் பணத்தையும் வருங்காலத்தில் ஆண்டுதோறும் வரக்கூடிய பணத்தின் இன்றைய மதிப்பையும் ஒப்பிட்டு முடிவெடுக்கக் கற்றுத் தருகிறார்கள். 'நிகர இன்றைய மதிப்பு' என்று இதைச் சொல்வார்கள்.

இதற்கு நம் மலையிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஊட்டி இந்து நகரின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், நாம் எச்.பி.எஃப். என்று அழைத்த நிறுவனம். 1960-ல் மத்திய அரசால் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்து நாடு முழுவதும் போயின. நீலகிரியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் வாழ்ந்தன, பிள்ளைகளைப் படிக்க வைத்தன.

பிறகு பாலியஸ்டர் அடிப்படையிலான எக்ஸ்ரே ஃபிலிம் தயாரிக்கப் பெரும் கடன் வாங்கி விரிவாக்கம் செய்யப்பட்டது. 1991-க்குப் பிந்தைய பொருளாதார மாற்றத்தில் இறக்குமதித் தீர்வை குறைந்து வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்தது. 1996-ல் நிறுவனம் நலிவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன் பின் டிஜிட்டல் கேமராவும் டிஜிட்டல் எக்ஸ்ரேயும் வந்து ஃபிலிமின் தேவையையே குறைத்துவிட்டன. உற்பத்தி அடங்கிய பிறகும் கடன் மீதான வட்டி ஏறிக்கொண்டே போனது. கடைசி ஆண்டுகளின் நட்டத்தில் பெரும்பங்கு அந்த வட்டிதான். மீதமிருந்த தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு முதுகலை மாணவர் இந்தக் கதையில் மூன்று கேள்விகளை எழுப்புவார். இயந்திரம் பணத்தைத் திருப்பித் தரும் முன்பே அந்தத் தொழில்நுட்பம் பழையதாகிவிட்டால் என்ன ஆகும்? தீர்வை குறைந்தால் விற்பனை எவ்வளவு குறையும் என்று முன்பே கணக்குப் போட்டார்களா? கடனுக்குப் பதிலாகப் பங்கு மூலதனத்தில் கட்டியிருந்தால், வருமானம் நின்ற நாளில் பாரமும் நின்றிருக்குமா? கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். கடன் கொடுத்தவர் லாப நட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பங்குதாரர் இரண்டிலும் கூட இருக்கிறார். நிறுவனத்தின் மூலதனத்தில் கடனும் பங்கும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற விவாதம், 1958-ல் மோதிக்லியானி, மில்லர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை வகுப்பறைகளில் தொடர்கிறது.

நான்காம் பாடம்: ஆபத்தை அளப்பது

1952-ல் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற இளம் ஆய்வாளர், முதலீட்டில் லாபத்தை மட்டும் பார்க்காமல் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று எழுதினார். 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதை நம் ஊர் மொழியில் சொல்லலாம்.

கேத்தி பாலாடா பள்ளத்தாக்கில் ஒருவர் கேரட் போடுகிறார். ஆபத்தைக் குறைக்க உருளைக்கிழங்கும் சேர்த்துப் போடுகிறார். பயிர் இரண்டு, ஆனால் ஒரே உறைபனி இரண்டையும் தாக்கும். ஒரே மேட்டுப்பாளையம் மண்டியில்தான் இரண்டும் விற்கும். ஆகவே ஆபத்து அவர் நினைத்த அளவு குறையவில்லை. அதே குடும்பத்தில் ஒருவர் கோவையில் சம்பள வேலையில் இருந்தால், உறைபனி அந்த வருமானத்தைத் தொடாது. எத்தனை வழியில் வருமானம் வருகிறது என்பதைவிட, அந்த வழிகள் ஒரே நேரத்தில் அடைபடுமா என்பதே முக்கியம். இதை அளக்கும் எண்ணுக்கு 'ஒட்டுறவுக் கெழு' என்று பெயர். புள்ளியியல் பாடத்தில் கற்கிறார்கள்.

1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது, தேயிலையை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். தோட்டம் தேயிலை, வீட்டில் ஒருவருக்கு வேலை தேயிலை ஃபேக்டரியில், நடத்தும் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களும் தேயிலைத் தொழிலாளர்கள். பெயரளவில் மூன்று வருமானம், உண்மையில் ஒன்றே. அன்று நம்மில் பலர் அதை அனுபவத்தில் கற்றோம். மாணவர்கள் அதை முன்கூட்டியே தாளில் கற்கிறார்கள்.

ஐந்தாம் பாடம்: சந்தை, சட்டம், நம்பிக்கை

ரிசர்வ் வங்கி (1935), செபி (1988-ல் அமைந்து 1992-ல் சட்ட அதிகாரம் பெற்றது) போன்ற அமைப்புகள் எதைக் கண்காணிக்கின்றன, யார் மக்களிடம் டெபாசிட் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்பது தனிப் பாடம். சட்டத்தின் பெயர் தெரியாமல் போனதால் வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்கள் உண்டு. அதனால் பெற்றோரும் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பெங்களூரில் 2006-ல் தொடங்கிய ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம், 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டியது. தங்க நகை வியாபாரத்தில் பங்கு என்றது. மாதாமாதம் லாபம் கொடுத்தது. 2019 ஜூனில் அது சரிந்தபோது புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் 40,000-க்கும் மேல். மகளின் கல்யாணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்து வைத்ததை இழந்தவர்கள் அவர்களில் ஏராளம். தமிழ்நாட்டில் 2022-ல் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் சுமார் ரூ.2,438 கோடி திரட்டினார்கள் என்பது புகார்.

முதல் செமஸ்டர் மாணவரிடம் இந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். மாதம் 30 சதவீதம் என்றால், கிடைத்ததை எடுக்காமல் மறுபடி போட்டால் ஒரு லட்சம் ஓர் ஆண்டில் 23 லட்சத்தைத் தாண்டும். எந்த நேர்மையான வியாபாரத்தில் அப்படி நடக்கும்? அவ்வளவு வேண்டாம், மாதம் 3 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். நல்ல நிலையில் நடக்கும் கடைகூட எல்லா மாதமும் தவறாமல் இவ்வளவு தர முடியாது. வியாபாரம் என்றால் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். மாதாமாதம் ஒரே அளவு லாபம் வருகிறது என்பதே சந்தேகப்பட வேண்டிய அடையாளம். புதிதாகச் சேர்பவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுப்பதை 'போன்சி' முறை என்கிறார்கள். சேருபவர்கள் குறைந்த நாளில் அது கவிழும்.

தமிழ்நாட்டில் 1997-ல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும், நாடு முழுவதற்கும் 2019-ல் முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டமும் வந்தன. சட்டம் பெரும்பாலும் பணம் போன பிறகு வருகிறது. கணக்குத் தெரிந்த ஒருவர் பணம் போகும் முன்பே கேள்வி கேட்பார். தாடியும் தொப்பியும் மார்க்கப் பேச்சும் வரவு செலவு அறிக்கைக்குப் பதிலாகாது.

மற்ற பாடங்கள்

இவற்றோடு வரிச் சட்டம், ஜி.எஸ்.டி., அந்நியச் செலாவணி, காப்பீடு, புள்ளியியல், ஆராய்ச்சி முறை ஆகியவையும் உண்டு. எதிர்கால விலையை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தங்களைப் பற்றி 'டெரிவேட்டிவ்ஸ்' என்ற பாடம் வரும். மனிதர்கள் பண விஷயத்தில் ஏன் தவறாக முடிவெடுக்கிறார்கள் என்பதை ஆராயும் 'நடத்தை நிதியியல்' பல இடங்களில் விருப்பப் பாடம். நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலையும் வலி பெரிது என்பதை ஆய்வில் காட்டிய டேனியல் கானமன், 2002-ல் நோபல் பரிசு பெற்றார். கணினியில் எக்செல் கட்டாயம்; பைதான் அல்லது ஆர் மென்பொருளும் இப்போது பல கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள். பெரும்பாலும் கடைசி செமஸ்டரில் ஒரு நிறுவனத்துக்குப் போய் ஆய்வறிக்கை எழுத வேண்டும். சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் இன்ட்கோசர்வ், வாரந்தோறும் நடக்கும் தேயிலை ஏலம் இரண்டும் குன்னூரில் இருக்கும்போது, நம் பிள்ளைகள் ஆய்வுப் பொருளைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

வட்டி பற்றிய கேள்வி

இந்தப் படிப்பில் வட்டிக் கணக்கு வருமா? வரும். நிறைய வரும். மருத்துவ மாணவர் நஞ்சைப் பற்றிப் படிப்பதுபோல, நிதி மாணவர் வட்டியைப் பற்றிப் படிக்கிறார். கற்பது வேறு, அதைத் தொழிலாகச் செய்வது வேறு. எந்த வேலை ஆகும், எது ஆகாது என்பதில் ஆலிம்களிடம் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. பாடத்தின் பக்கத்தில் சில உண்மைகளை மட்டும் சொல்கிறோம்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது பேசுவது கடனை எழுதி வைப்பது பற்றியும் சாட்சிகள் பற்றியும்தான். கணக்கும் பத்திரமும் மார்க்கத்துக்கு வெளியே உள்ள விஷயமல்ல. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் மூலதனத்தைப் பிறரிடம் கொடுத்து லாபத்தில் பங்கு பெறும் முறையில் வணிகம் செய்தவர்கள். நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் அந்த வணிகத்துக்காக ஷாம் தேசம் சென்றார்கள். ஒருவர் மூலதனம், மற்றவர் உழைப்பு என்ற அந்த முறை, இன்று உலகின் பல்கலைக்கழகங்களில் 'முளாரபா' என்ற பெயரில் பாடமாக இருக்கிறது. இருவரும் மூலதனம் போடும் முஷாரகா, பொருளை வாங்கி லாபத்தை வெளிப்படையாகச் சொல்லி விற்கும் முராபஹா, வாடகை முறையான இஜாரா, ஸுகூக் பத்திரங்கள் ஆகியவையும் அப்படியே. மலேசியாவின் மத்திய வங்கி 2005-ல் இதற்காகவே 'இன்செய்ஃப்' என்ற கல்வி நிறுவனத்தைக் கோலாலம்பூரில் நிறுவியது. 2014-ல் பிரிட்டன் அரசே 20 கோடி பவுண்டு மதிப்பில் ஸுகூக் வெளியிட்டது.

நம் நாட்டில் 2008-ல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கி முறையைப் பரிந்துரைத்தது. 2017-ல் ரிசர்வ் வங்கி அதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்தது. ஆனாலும் தேசியப் பங்குச் சந்தையில் 'நிஃப்டி 50 ஷரீஆ' குறியீடு இயங்குகிறது. மது, புகையிலை, வட்டித் தொழில், அளவுக்கு மீறிய கடன் உள்ள நிறுவனங்களை அதில் கழித்துவிடுகிறார்கள். இந்தக் கழித்தலைச் செய்யத் தேவையானது மேலே நாம் பார்த்த இரண்டாம் பாடமேதான்.

செலவும் வரவும்: படிப்பையே எடைபோடுங்கள்

இந்தப் படிப்பில் கற்பதை முதலில் இந்தப் படிப்பின் மீதே பயன்படுத்துவோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.

பி.காம். முடித்தவர் மாதம் 15,000 சம்பளத்துக்கு வேலைக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு படிக்கப் போனால் அந்த 3,60,000 ரூபாய் கைவிட்டுப் போகிறது. தனியார் எம்.பி.ஏ.வுக்குக் கட்டணம் 8 லட்சம் என்றால், உண்மைச் செலவு 11,60,000. படித்த பிறகு சம்பளம் மாதம் 10,000 கூடினால் ஆண்டுக்கு 1,20,000. செலவு திரும்ப வர ஏறக்குறைய பத்து ஆண்டு. அரசுக் கல்லூரி எம்.காம்.முக்குக் கட்டணமும் புத்தகமும் சேர்த்து 30,000 என்றால், உண்மைச் செலவு 3,90,000. சம்பளம் மாதம் 5,000 மட்டுமே கூடினாலும் ஆறரை ஆண்டில் திரும்பிவிடும். பெரிய பெயர், பெரிய கட்டிடம் என்பதற்காக முடிவெடுக்காமல், அந்தக் கல்லூரியில் சென்ற ஆண்டு படித்தவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். இந்தக் கணக்கில் வட்டிக்கு வாங்கும் கல்விக் கடனையும் சேர்த்தால் பாரம் இன்னும் கூடும்.

2007 முதல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். கல்வி உதவித்தொகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் நேரில் விசாரிப்பது நல்லது.

வேலை வாய்ப்பு என்று பார்த்தால், ஆடிட்டர் அலுவலகம், நிறுவனங்களின் கணக்குப் பிரிவு, செலவுக் கணக்கியல், வரி ஆலோசனை, பங்கு ஆய்வு, மருத்துவமனை மற்றும் ஹோட்டல் நிதி நிர்வாகம் எனப் பல உண்டு. எம்.காம். முடித்து நெட் தேர்வில் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டோம். எண்களைப் பார்த்தாலே சலிப்பு வரும் பிள்ளையை, நண்பன் சேர்ந்தான் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். கணிதத்தில் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை; பொறுமையும், "இது எப்படி வந்தது?" என்று கேட்கும் குணமும் போதும்.

வீட்டில் செய்து பார்க்க

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு மாலை உட்கார்ந்து செய்யக்கூடிய பயிற்சி இது.

1. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கடனையும் எழுதுங்கள். கையில் வந்த தொகை எவ்வளவு, மொத்தமாகக் கட்டப்போவது எவ்வளவு, எத்தனை நாளில்?

2. வீட்டு வருமானங்களை வரிசையாக எழுதுங்கள். சீசன் இல்லாமல் போனால், மழை பெய்து மண் சரிந்தால், தேயிலை விலை விழுந்தால் எவை எவை ஒன்றாக நிற்கும்?

3. பிறரிடம் கொடுத்து வைத்திருக்கும் பணத்துக்கு எழுத்தும் சாட்சியும் இருக்கிறதா?

4. எங்காவது முதலீடு செய்திருந்தால், அந்த நிறுவனம் எந்த அரசு அமைப்பிடம் பதிவு பெற்றது? லாபம் எந்த வியாபாரத்தில் இருந்து வருகிறது என்று இரண்டு வரியில் சொல்ல முடிகிறதா?

5. ஜகாத் கணக்கிடும் நாளில், தங்கம், ரொக்கம், கடைச் சரக்கு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் எல்லாம் ஒரே தாளில் இருக்கின்றனவா? அந்தத் தாள்தான் உங்கள் குடும்பத்தின் இருப்புநிலைக் குறிப்பு.

இந்த ஐந்தையும் ஆர்வத்தோடு செய்து முடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்தப் படிப்பைப் பற்றி யோசிக்கலாம். ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும் சரி.

பள்ளிவாசல் கணக்கும் பைத்துல்மால் கணக்கும் அமானிதம். ஆண்டுக்கொரு முறை அவற்றை ஜமாஅத்தின் முன் வைக்கிறோம். அந்தத் தாளைக் கையில் வாங்கி, "இந்த வரி எனக்குப் புரியவில்லை, விளக்குங்கள்" என்று அடக்கத்தோடும் தைரியத்தோடும் கேட்கக்கூடிய பட்டதாரிகள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பேராவது வேண்டும். இன்ஷா அல்லாஹ், அவர்கள் நம் வீடுகளில் இருந்தே வர வேண்டும்.